சுவருக்கு அப்பால் கேட்ட அழுகை



நியூயார்க்கு நகரத்துச் சிறுமி மேரி எலன் வில்சனைப் பற்றிச் சிலர் அறிந்திருப்பீர்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டு அவள் மீட்கப்பட்டாள் என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு, நானும் சொல்லியிருக்கிறேன். அது சரியன்று. மிருகவதைத் தடுப்புச் சங்கத்தின் ஹென்றி பெர்க் உதவினார் என்பது மெய். ஆயினும் அவருடைய வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெர்ரி நாடியது ஆட்கொணர்வுச் சட்டத்தின் ஒரு பிரிவையே.

அவள் அந்த வீட்டுக்கு எப்படி வந்தாள் என்பதையே நீங்கள் கவனிக்க வேண்டும். தந்தை உள்நாட்டுப் போரில் மாண்டார். விதவையான தாய் வேலைக்குச் செல்லவேண்டியதாயிற்று. மாதந்தோறும் பணம் கொடுத்துக் குழந்தையை ஒரு பெண்ணிடம் விட்டார். பணம் நின்றது, குழந்தை நகரத்தின் தரும இலாகாவிடம் போய்ச் சேர்ந்தாள். இரண்டு வயது நிரம்புமுன் அவளை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆண்டுதோறும் குழந்தையின் நிலையை அறிவிக்கவேண்டும் என்பது நிபந்தனை. வளர்ப்புத்தாயான மேரி கானலி ஒன்றிரண்டு முறையே அறிவித்தார். ஏன் வரவில்லை என்று இலாகா கேட்கவுமில்லை.

தாயின் குறை வறுமை; கானலியின் குற்றம் கொடுமை. முன்னவருக்குத் தேவைப்பட்டது சில டாலர்கள், பின்னவருக்குத் தேவைப்பட்டது நீதிபதி. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி ஏழைத் தாய்மாரைப் பழிப்பது நம் சபைகளிலும் நடக்கிறது.

நெருக்கமான குடியிருப்பு அது; அடியின் சத்தமும் அழுகையும் அண்டை வீடுகளுக்குக் கேட்டன. 1873ஆம் ஆண்டின் இறுதியில் மெதடிஸ்ட் ஊழியரான எட்டா வீலர் அம்மையார் அங்கே வந்தார். பக்கத்து அறையில் காசநோயால் படுக்கையிலிருந்த ஒரு பெண்ணும் அந்த அழுகையைப் பற்றி அவரிடம் பேசினார். எழுந்து நடக்க இயலாதவர் அவர். காதுகள் மட்டும் அவருக்கு இருந்தன.

வீலர் போலீசாரிடம் போனார். சாட்சி வேண்டும் என்றார்கள். தரும நிலையங்களோ, சட்டப்படி கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்வோம் என்றன. மாதங்கள் கடந்தன. இறுதியில் பெர்க்கிடம் சென்றார். கண்டதை எழுத்தில் தரும்படி அவர் கேட்க, எழுதிக் கொடுத்தார். 1874 ஏப்ரலில் சிறுமி நீதிமன்றத்தில் நின்று தானே சாட்சி சொன்னாள். கானலிக்கு ஓராண்டுச் சிறை. அவ்வாண்டின் இறுதியில், குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் சங்கம் நியூயார்க்கில் தோன்றியது.

மேரி எலன் பின்னர் வீலரின் குடும்பத்தாரிடம் வளர்ந்தாள். மணம்புரிந்து, 92 வயதுவரை வாழ்ந்து, 1956இல் மறைந்தார். மகள்களில் ஒருத்திக்கு எட்டா என்று பெயரிட்டிருந்தார்.