ஓர் ஊர், இரண்டு நூல்கள்

அண்மையில் அடுத்தடுத்து வாசித்த இரு நூல்களைப் பற்றிச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறோம். ஒன்று பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ (1992). மற்றொன்று ராஜ் கௌதமனின் தன்வரலாற்று நாவலான ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002). ஆசிரியர்கள் இருவரும் அண்ணன் தங்கை. தனித்தனியே பலமுறை பேசப்பட்ட இந்நூல்களைச் சேர்த்து வாசிக்கும்போது ஒரு வட்டாரத்தின் வரலாறு புலப்படுகிறது.

மகாராஜபுரம் வழியாகத் தாணிப்பாறை சென்று சதுரகிரி ஏறுவோர் பலர் உண்டு. அதே வத்திராயிருப்பு வட்டாரத்தில்தான் இவர்கள் பிறந்த புதுப்பட்டியும் இருக்கிறது. மலையடிவாரத்து ஊரின் அழகை வருணித்துத் தொடங்கும் பாமா, வெகுவிரைவில் அவ்வூரின் தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடப்பதற்கு வந்துவிடுகிறார். நிலம் யாரிடம் இருந்தது, உழைப்பு யாருடையது என்பதை எந்த ஆவணத்தையும்விடத் தெளிவாக இந்நூல் பதிவுசெய்கிறது.

‘கருக்கு’வில் மறக்கவியலாத இடம் ஒன்று. தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தாங்காமல், கட்டிய சரட்டைப் பிடித்துத் தூக்கிச் செல்கிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு. தீட்டு என்பதால்தான் அப்படி என்று அவளுக்கு விளக்குபவன் அண்ணன். படிப்பு ஒன்றே இழிவைப் போக்கும் என்று சொல்பவனும் அவனே.

அப்படிப் படித்தவன் என்ன ஆனான்? ‘சிலுவைராஜ் சரித்திரம்’ அதற்கான விடைபோல் அமைந்திருக்கிறது. பட்டம் பெற்றும் சிலுவைராஜுக்கு வேலையில்லை. காரணம் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. பட்டியல் சாதியினர் இந்துக்களாகவே இருக்கவேண்டும் என்றது அது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர்கள் இன்றளவும் சேர்க்கப்படவில்லை. தேவாலயத்திலும் சாதி தொடர்ந்தது; அரசுச் சான்றிதழில் மட்டும் அது மறைந்தது. இறுதியில் சிலுவைராஜ் வேலைக்காக இந்துவாகிறான். ஓர் ஆணை ஒரு மனிதனின் மதத்தை மாற்றிய கதை இது.

தங்கையின் பாதையோ வேறு. ஏழைகளுக்கு உழைக்கவென்று துறவியாகி, மடத்தின் வசதியையும் அங்கிருந்த சாதியுணர்வையும் கண்டு வெளியேறுகிறார். மடத்தைப் பற்றிய பகுதிகளில் கூறியது கூறல் மிகுதி என்பது எங்கள் எண்ணம். எனினும் பேச்சுமொழியிலேயே முழு நூலையும் எழுதிய துணிவு அக்குறையை மறக்கச் செய்கிறது.

அண்ணன் சினத்தை எள்ளலாக மாற்றுகிறார். தன்னையே படர்க்கையில் நிறுத்திக் கேலிசெய்ய அவருக்கு நாவல் வடிவம் இடமளித்திருக்கிறது. நீளம் அதிகம்தான், ஆனால் விடுதிச் சாப்பாடும் வேலைதேடும் அலைச்சலும் அந்த நீளத்தில்தான் உயிர்பெறுகின்றன.

தன்வரலாறு உண்மை, நாவல் புனைவு என்ற எளிய பிரிவினை இங்கே செல்லாது. தங்கை அவமானத்தை நேர்நின்று சொல்கிறார். அண்ணனோ, அதோடு வாழ நேர்ந்தவனின் சமரசங்களையும் தந்திரங்களையும் மறைக்காமல் சொல்கிறார். இரண்டும் சேர்ந்தால்தான் வரலாறு முழுமை பெறும்.

ராஜ் கௌதமன் 2024இல் மறைந்தார். ஆய்வாளராகவே அவரை அறிந்தவர்கள் இந்நாவலையும் அவசியம் வாசிக்கவேண்டும். ‘கருக்கு’வை முதலில் முடித்துவிட்டு இதை எடுப்பது நல்லது.