எழுதியவரும் நிறுவியவரும்

ஒரு நாடகத்தை எழுதியவருக்கும் அதை மேடையேற்றுபவருக்கும் இடையே எப்போதும் ஒரு வழக்கு உண்டு: கடைசிச் சொல் யாருடையது? மென்பொருள் உலகில் இவ்வழக்கு நடந்த இடம், பெருநிறுவன இணையச் செயலிகளின் அமைவுக் கோப்பு.

1999 டிசம்பரில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜே2இஇ 1.2 விவரக்குறிப்பு, ஒரு செயலியின் பின்னுள்ள மனிதர்களைப் பாத்திரங்களாகவே வகுத்தது. கூறுகளை எழுதுபவர் ஒருவர், அவற்றைக் கோப்பவர் ஒருவர், வழங்கியில் நிறுவுபவர் இன்னொருவர். 'இப்பக்கத்தை மேலாளர் மட்டுமே திறக்கலாம்' என்று எழுதுபவர் குறித்து வைப்பார். அந்த அலுவலகத்தில் மேலாளர் யார் யார் என்பதை நிறுவுபவர் முடிவு செய்வார். ஒருவரையொருவர் பார்த்திராத இவர்களுக்கிடையே சென்ற கடிதம்தான் அந்தக் கோப்பு.

1998-இல் வந்த இஜேபி 1.0-இல் அக்கடிதம் மனிதக் கண்ணால் படிக்க இயலாத இரும வடிவில் இருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் 1.0 வெளியாயிற்று. மறு ஆண்டே இஜேபி 1.1 அதற்கு மாறியது, சர்வ்லெட் 2.2-உடன் 'வெப்.எக்ஸ்எம்எல்' பிறந்தது. படிக்க முடிந்தது என்பது உண்மை. படிப்பது இன்பமாக இருந்தது என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரே பெயரை முதலில் வகுப்போடும், பிறகு முகவரியோடும் இருமுறை எழுத வேண்டும். எல்லா சர்வ்லெட்டுகளையும் அறிவித்து முடித்த பின்னரே முகவரிகள் வரலாம் என்ற வரிசை விதி வேறு, சர்வ்லெட் 2.4 வந்த 2003 வரை அது தளரவில்லை. பெயரில் ஓர் எழுத்து பிசகினால் கம்பைலர் வாய் திறக்காது.

உண்மையான இடறல் வேறிடத்தில் இருந்தது. பெரும்பாலான அலுவலகங்களில் மூன்று வேடங்களையும் ஒரே நிரலாளர் கட்டினார். தமக்குத் தாமே கடிதம் எழுதி அலுத்தவர்கள், நிரலுக்குள் குறிப்பெழுதி அதிலிருந்து இக்கோப்புகளைத் தானே பிறப்பிக்கும் 'எக்ஸ்டாக்லெட்' போன்ற கருவிகளை நாடினர். 2004-இல் வெளியான ரூபி ஆன் ரெயில்ஸ், வழக்கத்தைப் பின்பற்றினால் கோப்பே பெரும்பாலும் வேண்டாம் என்றது. அவ்வாண்டு வந்த ஜாவா 5, அன்னொட்டேஷன் எனும் குறிப்புகளை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. 2009 டிசம்பரில் சர்வ்லெட் 3.0 வந்தபோது வெப்.எக்ஸ்எம்எல் இல்லாமலேயே செயலியை நிறுவ முடிந்தது. எழுதியவர் வென்றார் என்றே தோன்றும்.

ஆனால் அதே விவரக்குறிப்பில் ஒரு விதி உண்டு. ஜகார்த்தா எனப் பெயர் மாறிய பின்னும் அது நீடிக்கிறது. நிரலுக்குள் உள்ள குறிப்பும் வெப்.எக்ஸ்எம்எல்லும் முரண்பட்டால், செல்லுபடியாவது கோப்பில் உள்ளதே.