தர்மபுரிக் கிணற்று நீரும் ஓரிடத்தான் அளவீட்டின் வரலாறும்

முன்னுரை

நைசு, சார்னோக்கைட்டு ஆகிய கடினப் பாறைகள் பரவிய தர்மபுரி மாவட்டத்தில், ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீரில் புளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் உச்ச வரம்பைக் கடந்துள்ளது. பற்களில் கறையும் எலும்புகளில் முடக்கமும் இதன் விளைவுகள். 2013இல் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொணர்ந்தது. எனினும் கிணற்று நீரின் மூலம் யாது, அதில் புளூரைடு எவ்வாறு செறிகிறது என்னும் வினாக்கள் எஞ்சுகின்றன. இவற்றுக்கு விடை தேட உதவும் நிலைத்த ஓரிடத்தான் அளவீட்டின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிறையிலிருந்து ஒளிக்கு

நீர் ஆவியாகும்போது இலேசான மூலக்கூறுகள் முந்துகின்றன. ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் கொண்ட கனமானவை பின்தங்குகின்றன. 1961இல் ஹார்மன் கிரெய்க், உலக மழைநீரில் இவ்விரண்டின் விகிதங்களும் ஏறத்தாழ 8 என்னும் சாய்வுடைய நேர்கோட்டில் அமைவதை நிறுவினார். அன்றைய அளவீடு நிறை நிறமாலைமானியைச் சார்ந்தது. ஆக்சிஜனை அறிய நீரைக் கார்பன் டை ஆக்சைடுடன் சமநிலைப்படுத்தவும், டியூட்டீரியத்தை அறிய நீரிலிருந்து ஹைட்ரஜன் வாயுவைப் பிரிக்கவும் வேண்டியிருந்தது.

1988இல் ஓ'கீஃப், டீக்கன் இருவரும் வெளியிட்ட முறையில், எதிரெதிர் ஆடிகளுக்கிடையே லேசர் ஒளி பன்முறை எதிரொளித்து மங்கும் நேரம் அளக்கப்பட்டது. ஒவ்வொரு ஓரிடத்தான் மூலக்கூறும் தனக்குரிய அகச்சிவப்பு அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுவதால், பின்னர் இவ்வழியில் நீராவியிலேயே இரு விகிதங்களையும் ஒருங்கே அளக்க முடிந்தது. முந்தைய மாதிரியின் எச்சம் அடுத்ததில் கலப்பதால், முதல் சில அளவீடுகளை விலக்குதல் இம்முறையின் நியதி.

தர்மபுரியில் பொருத்தப்பாடு

இம்மாவட்டம் இரு பருவமழைகளையும் பெறுகிறது. தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை பொதுவாக ஆக்சிஜன்-18 குன்றியது. ஆகவே கிணற்றை ஊட்டும் பருவத்தை உய்த்துணரலாம். ஆவியாதலுக்கு உட்பட்ட ஏரிநீர் 8இனும் குறைந்த சாய்வைப் பெறும். அவ்வடையாளம் அருகிலுள்ள கிணற்றில் தோன்றின் ஏரிநீர் அங்குச் சேர்கிறது எனக் கருதலாம்.

புளூரினுக்கு நிலைத்த ஓரிடத்தான் ஒன்றே உண்டு. எனவே புளூரைடின் தோற்றத்தை அதன் ஓரிடத்தான் விகிதத்தால் அறிய இயலாது. நீரே சான்று. புளூரைடுடன் ஆக்சிஜன்-18உம் மிகுந்தால் ஆவியாதலின் பங்கு புலப்படும். ஆக்சிஜன்-18 மாறாதிருப்பின் பாறைக் கரைவே முதன்மைக் காரணமாகும்.

முடிவுரை

இவ்வளவீடு புளூரைடை நீக்காது. ஆயினும் ஏரியைத் தூர்வாரினால் கிணற்றுக்கு நன்னீர் சேருமா, காவிரி நீரையே சார்ந்திருத்தல் வேண்டுமா என்னும் முடிவை ஊர்தோறும் சான்றுடன் எடுக்க இது துணைசெய்யும்.