தாய்மார் கேட்ட வகுப்பறை

அமெரிக்கப் பெருநகரங்களின் அரசுப் பள்ளிகளில் ஒரு கோரிக்கை திரும்பத் திரும்ப எழுகிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான நடுநிலைப் பள்ளிகளில், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு ‘ஹானர்ஸ் வகுப்பு’ என்று தனியாக ஒன்று வேண்டும் என்பதே அது. கூட்டங்களுக்குப் போவது, கையெழுத்துத் திரட்டுவது, தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுவது போன்ற வேலைகளில் பெரும்பங்கு தாய்மாரின் தோளில்தான் விழுகிறது. பெண்கள் திரண்டு ஒன்றைக் கேட்டால் பெண்ணியம் அவர்கள் பக்கம் நிற்கவேண்டும் என்று என் மாணவிகள் சிலர் வாதிடுவதுண்டு. நியூயார்க் நகரப் பள்ளிகளின் வரலாற்றைப் படித்தபோது அந்த வாதம் எனக்குப் போதாமல் போனது. அங்கே தாய்மார் எதிரெதிர்த் திசைகளில் திரண்டிருக்கிறார்கள்.

கதையின் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணியவாதி நிற்கிறார். லெட்டா ஹாலிங்வொர்த் நெப்ராஸ்கா மாநிலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1908இல் நியூயார்க் வந்து மணம்புரிந்தார். மணமான பெண்ணுக்கு அந்நகரப் பள்ளிகள் ஆசிரியை வேலை தருவதில்லை. வீட்டோடு இருக்கும்படி ஆனவர் சில ஆண்டுகள் கழித்து உளவியல் படிக்கப் போனார். மாதவிடாய் நாட்களில் பெண்களின் அறிவுத்திறன் குன்றுகிறது என்று அன்றைய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். ஹாலிங்வொர்த் பெண்களைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்து, அப்படி எந்தக் குறைவும் தென்படவில்லை என்று 1914இல் வெளியான தன் முனைவர் ஆய்வில் நிறுவினார். மேதைகள் ஆண்களிடையேதான் மிகுதியாகப் பிறக்கிறார்கள் என்ற கோட்பாட்டையும் மறுத்தார். காலமெல்லாம் சமையலிலும் பிள்ளை வளர்ப்பிலும் கட்டிப்போடப்பட்டவளின் ஆற்றலை எந்த அளவுகோலால் அளப்பீர்கள் என்பதே அவர் கேள்வியின் சாரம்.

அதே ஹாலிங்வொர்த் 1922இல் மன்ஹாட்டனில் உள்ள 165ஆம் எண் அரசுப் பள்ளியில், நுண்ணறிவுச் சோதனை வைத்துச் சுமார் ஐம்பது பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கெனத் தனி வகுப்புகள் அமைத்தார். 1936இல் ஸ்பையர் பள்ளியில் அந்த முயற்சியைத் தொடர்ந்தார். மீத்திறன் பிள்ளைகளுக்கான கல்வி என்ற துறைக்கே அவர் முன்னோடி. ஆனால் நுண்ணறிவு பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது என்று அவர் நம்பினார். பெண்கள் விஷயத்தில் வாய்ப்பு எங்கே மறுக்கப்பட்டது என்று தேடியவர், ஏழை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்த்தபோது அதே அழுத்தத்தோடு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இயற்கை ஆண்களை மேலே வைத்தது என்பதை ஏற்காத மனம், இயற்கை சில பிள்ளைகளை மேலே வைத்தது என்பதை ஏற்றுக்கொண்டது. பெண்ணியத்தின் உள்ளேயே இருக்கும் இந்த முரணை நாம் கடந்துபோய்விடக் கூடாது என்று நினைக்கிறேன்.

சோதனை வைத்துப் பிரிக்கும் வழக்கம் பின்பு நகரமெங்கும் வேர்விட்டது. மூன்றாண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடிக்கும் ‘ஸ்பெஷல் ப்ராக்ரஸ்’ வகுப்புகள் நியூயார்க்கின் இடைநிலைப் பள்ளிகளில் நடந்துவந்தன. ஆனால் கருப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெமில் பிரச்சினை வேறாக இருந்தது. அங்கே உரிமம் பெற்ற நிரந்தர ஆசிரியர்களே போதுமான அளவில் இல்லை. தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு பாடம் ஓட்டினார்கள்.

1958 செப்டம்பரில் ஹார்லெம் தாய்மார் சிலர் தங்கள் பிள்ளைகளை அந்தப் பள்ளிகளுக்கு அனுப்ப மறுத்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து நியூயார்க்கில் ஆலைத் தொழிலாளியாக இருந்த மே மாலரி அவர்களில் முன்னணியில் நின்றார். ‘ஹார்லெம் நைன்’ என்று அவர்கள் பெயர்பெற்றார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத குற்றத்துக்காக நகர நிர்வாகம் பெற்றோரை நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஒரு நீதிபதி சிலரைக் குற்றவாளிகள் என்றார். இன்னொரு வழக்கை விசாரித்தவர் ஜஸ்டின் வைஸ் போலியர் என்ற பெண் நீதிபதி. அந்தப் பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன, அவற்றில் தரக்குறைவான கல்வியே கிடைக்கிறது, அத்தகைய பள்ளிக்கு அனுப்ப மறுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று 1958 டிசம்பரில் அவர் தீர்ப்பளித்தார். அமெரிக்கத் தெற்கின் சட்டங்களைப் பற்றியே உலகம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், வடக்கின் பெருநகரம் ஒன்றைக் கூண்டில் ஏற்றிய தீர்ப்பு அது.

ஆறு ஆண்டுகளில் காட்சி பெரிதானது. 1964 பிப்ரவரி 3 அன்று, பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்கக் கோரி சுமார் 4,60,000 மாணவர்கள் நியூயார்க் பள்ளிகளைப் புறக்கணித்தார்கள். மார்ச் 12 அன்று எதிர்ப்பேரணி கிளம்பியது. அருகருகே இருக்கும் பள்ளிகளின் மாணவர்களைக் கலந்து படிக்கவைக்கும் திட்டத்தை எதிர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் புரூக்ளின் பாலத்தைக் கடந்து நகரமன்றம் வரை நடந்தார்கள். அவர்களில் மிகப் பலர் வெள்ளையினத் தாய்மார். கொட்டும் பனியில் நடந்தார்கள். இனவெறுப்பை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள், எங்கள் தெருப் பள்ளி என்றார்கள்.

மாலரியும் தன் பிள்ளைக்காகவே நீதிமன்றம் ஏறினார். பாலத்தில் நடந்தவளும் தன் பிள்ளைக்காகவே நடந்தாள். பாசத்தை வைத்து இருவரையும் பிரித்தறிய முடியாது. ஆனால் மாலரி வென்றால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் கதவு திறக்கும். பாலத்தில் நடந்தவள் வென்றால் அடுத்த தெருப் பிள்ளைக்குக் கதவு சாத்தப்படும்.

நகரத்தை விட்டு நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் புறநகருக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில், அவர்களைத் தக்கவைக்கும் வழியாகவும் தனி வகுப்புகள் பயன்பட்டன. இப்போது சுவர் பள்ளிக்கு உள்ளேயே எழுந்தது. ஒரே வாசலில் நுழையும் பிள்ளைகள் வராந்தாவில் பிரிந்துபோனார்கள். ஜீனி ஓக்ஸ் என்ற ஆய்வாளர் 25 பள்ளிகளை ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட நூல் இதை விரிவாகக் காட்டியது. மேல்பிரிவு மாணவர்களுக்குச் சிந்திக்கவும் விவாதிக்கவும் இடம் தரும் பாடம். கீழ்ப்பிரிவு மாணவர்களுக்கு மனப்பாடமும் பயிற்சித்தாளும். கீழ்ப்பிரிவில் ஏழைகளும் கருப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளும் தங்கள் எண்ணிக்கைக்கு மீறி நிறைந்திருந்தார்கள்.

கணக்குப் பாடத்தில் இந்தப் பிரிவின் விளைவு தெளிவாகத் தெரியும். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா முடித்த பிள்ளை வரிசைப்படி போனால் பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸைத் தொடும். ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்கும் பிள்ளைக்கு, இடையில் ஓராண்டைத் தாண்டிக் குதித்தால் தவிர, அது எட்டாது. ஆகவே பதினோரு வயதில் எந்த அறையில் உட்காரவைக்கிறோம் என்பது கல்லூரி வாசல் வரை பின்தொடர்கிறது. தாய்மாரின் பதற்றம் வெறும் பேராசை இல்லை. வகுப்பில் சலித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகமும் பொய்யில்லை. தங்கள் வட்டாரத்திலும் மீத்திறன் வகுப்பு வேண்டும் என்று கேட்கும் கருப்பினப் பெற்றோரும் இருக்கிறார்கள். நெடுங்காலம் மறுக்கப்பட்ட ஒன்றைக் கேட்பவர்களை, ஏற்கெனவே இருப்பதைக் காவல் காப்பவர்களோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது.

2018இல் புரூக்ளினின் 15ஆம் கல்வி மாவட்டம் இன்னொரு வழியை எடுத்தது. அங்குள்ள நடுநிலைப் பள்ளிகள் மதிப்பெண் பார்த்து வடிகட்டிச் சேர்ப்பதை நிறுத்தின. 52 விழுக்காடு இடங்களில் ஏழை மாணவர்கள், ஆங்கிலம் கற்றுவருவோர், வீடற்றோர் ஆகியோருக்கு முன்னுரிமை என்று முடிவாயிற்று. ஆனால் பள்ளி வாசலில் வடிகட்டுவதை நிறுத்தினால் மட்டும் போதாது. உள்ளே ஹானர்ஸ் வகுப்பு என்ற பெயரில் அதே சல்லடை மறுபடி வந்துவிடலாம். தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை தேர்வில் முந்தும். மாலைக் கூட்டத்துக்கு வர முடிந்த தாயின் குரலே பதிவாகும். அந்நேரத்தில் மருத்துவமனையிலோ உணவகத்திலோ வேலையில் நிற்கும் தாய்க்கும் பிள்ளை உண்டு, கருத்தும் உண்டு. அவள் வராததை அக்கறையின்மை என்று குறித்துக்கொள்கிறார்கள்.

நல்ல கணக்கு வகுப்பு கேட்பது குற்றமாகாது. அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கலாம். விரும்பிய பிள்ளை நுழையும்படி கதவைத் திறந்துவைத்து, தடுமாறும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கும்படி கேட்கலாம். அதற்கு ஆசிரியர்களும் பணமும் வேண்டும். அவற்றைக் கேட்டுப் போராடவும் தாய்மாரால் முடியும்.

பெண்கள் கூடி நிற்கும் படம் கண்ணில் பட்டவுடன் அதைப் பெண்ணியத்தின் கணக்கில் வரவு வைக்கும் அவசரம் நமக்கு வேண்டாம். ஹார்லெம் தாய்மார் நீதிமன்றத்தில் எழுப்பிய கேள்வி மிக எளியது: எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது யார், அவருக்கு அதற்கான தகுதி இருக்கிறதா? தனி வகுப்புக் கேட்டு ஒரு மனு கைக்கு வரும்போது, கையெழுத்துப் போடுமுன் அந்தக் கேள்வியைப் பக்கத்து அறைக்காகவும் கேட்கவேண்டும். ஹானர்ஸ் வகுப்பில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு நாளை காலை பாடம் நடத்தப் போவது யார்?