தோட்டப்புறப் பெண்பிள்ளைகளும் அறிவியல் கல்வியும்: வட சிலாங்கூரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தோட்டப்புறத் தமிழ்ப் பெற்றோர் தம் பெண்மக்களின் கல்வியில் அக்கறை காட்டவில்லை என்பது மலேசியத் தமிழர் வரலாறு குறித்து எழுதுவோர் பலர் ஆராயாமலே ஏற்றுக்கொண்ட கூற்றாகும். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் பெண்கள் முன்னேற முன்மாதிரிகளும் வழிகாட்டிகளும் குடும்பத்தின் ஊக்கமும் தேவை என இன்று வலியுறுத்தப்படும்பொழுது, குறை மீண்டும் அப்பெற்றோர் மேலேயே ஏற்றப்படுகிறது. கோலசிலாங்கூர் தொடங்கிச் செகிஞ்சான் வரையிலான வட சிலாங்கூர்த் தோட்டங்களை உள்ளடக்கிய வட்டாரத்தின் வரலாறு இக்கூற்றை ஐயுற வைக்கிறது.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நாம் பெரும்பாலும் கூலி உயர்வுக்கான போராட்டமாகவே படிக்கிறோம். ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைகளில் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் ஒன்று. தொழிலாளர் வீட்டுப் பெண்களை மேலாளர்கள் இழிவுபடுத்துவது நிற்க வேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும் என்னும் கோரிக்கைகளும் அதே பட்டியலில் இடம்பெற்றன. நாதன் நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. பிள்ளைகளின் கல்வியைத் தம் போராட்டக் கோரிக்கையாக வைத்தவர்களை அக்கறையற்றோர் என்பது பொருந்துமா?

அவர்கள் முறையான கல்வி கேட்டதற்குக் காரணம் உண்டு. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைப்பதை நிருவாகத்தின் கடமையாக்கியது. ஆனால், அங்கு யார் கற்பிப்பது, எதைக் கற்பிப்பது என்பதில் கண்டிப்பு இல்லை. கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்த கொட்டகைகளும் பள்ளி என்றே கணக்கில் கொள்ளப்பட்டன. அத்தகைய இடத்தில் அறிவியல் என்பதோர் பாடத்தைத் தேடுவது வீண்.

இதே காலத்தில் சென்னையில் நிகழ்ந்த ஒன்றை இங்கு ஒப்புநோக்கலாம். 1919இல் பிறந்த அ. லலிதா, பதினெட்டு வயதில் கைக்குழந்தையுடன் கணவரை இழந்தவர். 1940இல் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்து, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரானார். அவருடைய தந்தையார் பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவும் துணை நின்றார். லலிதாவின் துணிவு மறுக்கவியலாதது. எனினும், குடும்பமும் வழிகாட்டியும் கல்லூரி வாயிலும் அவருக்கு ஒரே இடத்தில் வாய்த்திருந்தன. வட சிலாங்கூரில் பால்மரம் வெட்டிய தந்தைக்கு அவற்றுள் ஒன்றுதான் கைவசம் இருந்தது.

விடுதலைக்குப் பின்னரும் பாதை எளிதாகவில்லை. 1964 வரை, தொடக்கப்பள்ளி இறுதியில் நடந்த தேர்வு பெரும்பாலோரை வடிகட்டியது. அத்தேர்வு நீக்கப்பட்ட பின்பு இடைநிலைப்பள்ளியின் கதவு திறந்தது. ஆயினும், மொழித் தேர்ச்சி போதாத தமிழ்ப்பள்ளி மாணவர் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயில வேண்டியிருந்தது. பெண்பிள்ளைக்கு அந்த ஓராண்டு வெறும் ஓராண்டன்று. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விடுவாள். அதற்கு மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் சோறு வடிப்பதும் மூத்த மகளின் பொறுப்பு. அவளைப் பட்டணத்துப் பள்ளிக்கு அனுப்புவதென்றால் அவ்வேலைகளைத் தாய் தன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் ஊக்கம் என்பது இவ்வாறு வேலையைப் பங்கிட்டுக்கொள்வதாகவே இருந்தது. ஏட்டில் பதிவாகாததால் ஆய்வாளர் கண்ணுக்கும் அது தப்பிவிட்டது.

பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே வணிக முறையில் செம்பனை பயிரிட்டார். மலாயாவில் அதுவே முதல். பின்னாளில் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தபொழுது, களைக்கொல்லி தெளிக்கும் வேலை பெருமளவில் பெண்களிடம் வந்தது. தோட்டத்தில் இதனை ‘மருந்து அடித்தல்’ என்பர். அம்மருந்துகளால் அவர்கள் உற்ற உடல்நலக் கேடுகளைத் தெனாகானித்தா அமைப்பு 2002ஆம் ஆண்டின் ஆய்வறிக்கையில் வெளிப்படுத்தியது. அம்மருந்துகளுள் ஒன்றான பாராகுவாட் 2020இல்தான் நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டது. வேதியியலை நாள்தோறும் முதுகில் சுமந்த தாய்மாருக்கு அதன் பெயரைக்கூட எவரும் கற்பிக்கவில்லை. தம் மகளுக்கு அந்தத் தெளிப்பான் வேண்டாம் என்று அவர்கள் நினைத்ததைக் கல்வி ஆர்வம் என்று கொள்ளாமல் வேறு என்னவென்று கொள்வது?

பெண்பிள்ளைகள் தம் கண்முன் கண்ட படித்த பெண், பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியைதான். இதனால் படிப்பில் சிறந்த பெண்கள் ஆசிரியத் தொழிலையே நாடினர் என்று குறைகூறுவோர் உளர். காணாத ஒன்றை விரும்புதல் அரிது. அன்றியும், அந்த ஆசிரியைகளே அடுத்த தலைமுறைக்கு அறிவியல் பாடம் நடத்தினர். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. மொழி பற்றிய வாதங்கள் ஏராளமாக எழுந்தன. ஆனால், தமிழில் ஆறாண்டு படித்த தாய், அதுவரை மகளின் கணக்குப் பாடத்தை அடுக்களையில் இருந்தபடியே திருத்த முடிந்தது. இனி முடியாது என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டு, 2012 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

கணினி அறிவியல் ஆண்களுக்குரியது என்னும் மேலைநாட்டு எண்ணம் மலேசியாவில் வேரூன்றவில்லை என்பதை, மலாயாப் பல்கலைக்கழக மாணவியரிடையே ஆய்வு நடத்திய நார்வே ஆய்வாளர் விவியன் லாகேசன் 2008இல் எடுத்துக்காட்டினார். அத்துறையில் பெண் விரிவுரையாளர்களும் துறைத்தலைவர்களும் இருந்தமை மாணவியர்க்கு இயல்பாகப்பட்டது. பினாங்கில் ஆய்ந்த உல்ஃப் மெல்ஸ்த்ரோம் 2009இல் வெளியிட்ட கட்டுரையும் இத்துறையில் பெண்களே மிகுந்திருப்பதற்கான காரணத்தை ஆராய்கிறது. நாட்டில் ஏற்கெனவே நிலவிய இச்சூழல் தோட்டத்து மகளுக்குப் பயன்பட வேண்டுமாயின், அவள் முதலில் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவை எட்ட வேண்டியிருந்தது.

1999இல் தொடங்கப்பெற்ற சிலாங்கூர் தொழில்துறைப் பல்கலைக்கழகம், தன் பெரிய வளாகத்தை, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையிலேயே அமைத்தது. பொறியியற்கல்வி தோட்டத்து வாசலுக்கு வந்துசேர்ந்த அக்காலத்தில், லயங்கள் காலியாகிக் குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தன.