ஃபுஸ்தாத் முதல் எண்ணூர் வரை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளம் தர்காவைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் நெம்மேலி என்னும் சிற்றூர் வரும். இவ்வூரின் பெயர் இன்று பலரும் அறிந்ததாகிவிட்டது. காரணம், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆக்கும் முதல் நிலையம் 2013ஆம் ஆண்டிலும், 15 கோடி லிட்டர் ஆக்கும் இரண்டாம் நிலையம் 2024 பிப்ரவரியிலும் இங்குத் திறக்கப்பெற்றன. அந்நீர் தென்சென்னையின் இல்லங்களுக்குச் செல்கிறது. நெம்மேலிக் கரையில் நின்றால் முகத்தில் மோதுவது கடற்காற்று. புகை என்று சுட்டிக் காட்ட அங்கு ஒன்றுமில்லை. இக்கட்டுரையோ புகையைப் பற்றியது. அதனை நெம்மேலியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அது பின்னர் விளங்கும்.

நகரத்துக் காற்றையும் நகரத்து நோயையும் சேர்த்து ஆராய்ந்த முன்னோடிகள் அரபு மருத்துவர்கள். கி.பி. பத்தாம் நூற்றாண்டில் பைத்துல் முகத்தஸ் நகரத்தவரான முஹம்மது அத்தமீமீ, கெட்டுப்போன காற்றைச் சீர்செய்வது பற்றித் தனி நூலே எழுதினார். (கோவளத்தில் அடங்கியிருக்கும் தமீமுல் அன்ஸாரி அவர்களுக்கும் இவருக்கும் பெயரளவில்தான் ஒற்றுமை, மாணவர்கள் குழம்ப வேண்டியதில்லை.) அடுத்த நூற்றாண்டில் வந்தவர் அலீ இப்னு ரிள்வான். ஜீஸாவில் ரொட்டி சுடும் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, ஆசிரியரிடம் பாடம் கேட்கப் பொருளின்றி, நூல்களையே ஆசிரியராகக் கொண்டு கற்று, மிஸ்ரின் தலைமை மருத்துவராய் உயர்ந்தவர். மிஸ்ர் நாட்டில் உடலுக்கு நேரும் கேடுகளைத் தடுப்பது பற்றி அவர் யாத்த நூல் இன்றும் கிடைக்கிறது.

அந்நூலில் ஃபுஸ்தாத் நகரை அவர் காட்டும் விதம் படிப்போரை நிறுத்தி வைக்கும். கிழக்கே முகத்தம் மலை காற்றை மறிக்கிறது. தெருக்கள் குறுகியவை, வீடுகளோ உயர்ந்தவை. செத்த நாய் பூனைகளை மக்கள் தெருவில் எறிகின்றனர். கழிவு நீர் நைல் நதியிற் கலக்கிறது. அதே நதியின் நீரைப் பருகுகின்றனர். ஹம்மாம்களின் உலைகளிலிருந்து புகை ஓயாது எழுகிறது. காலையில் உடுத்திய தூய ஆடை மாலைக்குள் அழுக்காகிறது. வேலையாய் வெளியே சென்றவன் முகத்திலும் தாடியிலும் புழுதியோடு திரும்புகிறான். கோடைக்காலத்து மாலையில், காற்று அசையாதபோது, நகரின் மேல் கருமையான ஆவி ஒன்று படர்ந்து நிற்கிறது. நகரின் பகுதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எங்கே வாழ்வது உடலுக்கு நலம் என்றும் அவர் கூறுகிறார்.

அவர் கொண்டிருந்த நோய்க் கொள்கை முழுவதும் இன்று ஏற்கத்தக்கதன்று. கிருமிகளை அவர் அறியார். நாற்றமே நோய் தரும் என்று நம்பிய காலம் அது. ஆயினும் நீர், காற்று, குப்பை, புகை, தெருவின் அகலம் ஆகியவற்றைத் தனித்தனித் துறையாகப் பிரிக்காமல் ஒரே நோயாளியின் நாடியைப் பிடிப்பது போல அவர் பார்த்தார். முந்நூறு ஆண்டுகள் கழித்து இப்னு கல்தூன், மக்கள் நெருங்கிய நகரங்களில் காற்று கெடுவதே கொள்ளைநோய்க்குக் காரணம் என்றும், கட்டடங்களுக்கிடையே வெற்றிடம் விடுதல் வேண்டும் என்றும் ‘முகத்திமா’வில் எழுதினார்.

மருத்துவர்கள் இவ்வாறு கூற, சட்ட அறிஞர்கள் என் செய்தனர்? மாலிக்கீ மத்ஹபின் பெருநூலாகிய ‘முதவ்வனா’வில் ஒரு வினா வருகிறது. ஒருவன் தன் சொந்த நிலத்தில், வீடுகளுக்கு அருகே, ஹம்மாமோ ரொட்டி அடுப்போ அமைக்கிறான். புகை அண்டை வீட்டாரை வருத்துகிறது. அவனைத் தடுக்கலாமா? தடுக்கலாம் என்பதே விடை. நிலம் அவனுடையதாயினும் புகை அவன் எல்லைக்குள் நிற்பதில்லையன்றோ! கி.பி. பதினான்காம் நூற்றாண்டில் தூனிஸ் நகரத்துக் கொத்தனார் இப்னுர் ராமீ, காஜியாருக்குத் துணையாய் வழக்கிடங்களை நேரிற் பார்வையிட்டவர், கட்டடச் சட்டம் பற்றிய தம் நூலில் இதனை மேலும் விரித்துள்ளார். ஹம்மாமின் புகையும் தொழில் அடுப்பின் புகையும் தடுக்கப்படும்; வீட்டுச் சமையற் புகை தவிர்க்க இயலாதது என்று பொறுத்துக்கொள்ளப்படும். (அந்தச் சமையற் புகையே நம் தாய்மார்களின் நுரையீரலை எவ்வளவு அரித்தது என்பதைப் பிற்கால மருத்துவமே கண்டது.)

இச்சட்டம் முழுவதும் ஒரு சொல்லின் மேல் நிற்கிறது: அண்டை வீட்டார். வாதியும் பிரதிவாதியும் ஒரே தெருவினர். புகை வரும் வழியைக் காஜியார் கண்ணாற் காணலாம். நிலக்கரியும் நெடிய புகைபோக்கியும் வந்தபின் இந்நிலை மாறிற்று. லண்டன் மாநகரில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை கவிந்த புகைமூட்டத்தால் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என அன்று கணக்கிட்டனர்; பின்வந்த ஆய்வுகள் அதனினும் மிகுதி என்றன. 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றினர். மின் நிலையங்கள் நகரை விட்டு நீங்கின, புகைபோக்கிகள் வானளாவின. லண்டன் மூச்சுவிட்டது, பிரிட்டனின் கந்தகம் கடல் கடந்து ஸ்காண்டிநேவிய ஏரிகளில் அமில மழையாய்ப் பெய்தது. அக்கவலையுடன் ஸ்வீடன் 1972இல் ஸ்டாக்ஹோமில் உலக மாநாட்டைக் கூட்டியது. அம்மாநாட்டு முடிவுகளின் வழியிலேதான் நம் நாட்டின் 1981ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் பிறந்தது.

இனி எண்ணூர். 1970இல் அங்கு அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பெற்றது. அதற்குள் வடசென்னை நிலையமும் வல்லூர் நிலையமும் அப்பகுதியில் எழுந்துவிட்டன. கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது; இறாலும் மீனும் குறைந்தன என்பது அங்குள்ள மீனவரின் நெடுநாள் முறையீடு. எது முந்தியது, ஊரா உலையா என்று காஜியார் கேட்டிருப்பார். ஊரே முந்தியது.

2015 டிசம்பர் மாதத்தை வரலாற்று மாணவர் நினைவிற் கொள்ள வேண்டும். முதல் வாரத்தில் சென்னையும் செங்கற்பட்டுப் பகுதியும் வெள்ளத்தில் மிதந்தன. 7ஆம் நாள் மத்திய அரசு, நிலக்கரி மின் நிலையங்கள் துகளையும் கந்தக வாயுவையும் பாதரசத்தையும் குறைக்க ஈராண்டுத் தவணையிட்டு விதி வெளியிட்டது. 12ஆம் நாள் பாரிஸ் நகரில் பருவநிலை உடன்படிக்கை நிறைவேறியது. நெஞ்சை அடைக்கும் துகளும் உலகை வெப்பமாக்கும் கரியமில வாயுவும் ஒரே உலைவாயிலிருந்து வருவன. எனினும் ஒன்று ஒரு கோப்பில், மற்றொன்று வேறொரு கோப்பில்.

கோப்புகள் பிரிந்ததன் விளைவு பின்னர் தெரிந்தது. கந்தக விதிக்குத் தவணை மேல் தவணை தரப்பட்டது. 2025 ஜூலையில், பெருநகரங்களையொட்டிய நிலையங்களுக்கு 2027 இறுதிவரை அவகாசம் தந்து, எஞ்சியவற்றில் மிகப் பலவற்றுக்கு விலக்கே அளித்தனர். கூறப்பட்ட வாதங்களுள் ஒன்று, கந்தகத்தைப் பிடிக்கும் பொறி தானே மின்சாரத்தை உண்ணும், சுண்ணாம்புக் கல்லிலிருந்து கரியமில வாயுவை வெளியேற்றும் என்பது. கணக்கில் பிழையில்லை. ஆனால் கந்தக வாயு காற்றில் நுண்துகளாய் மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவும் என்பதும் அதே அறிவியலின் கணக்கே. உலக சுகாதார நிறுவனம் ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராம் நுண்துகளே தகும் என 2021இல் கூறிற்று. நம் நாட்டின் 2009ஆம் ஆண்டு வரம்போ 40. உலகைக் காப்பதன் பெயரால் அண்டை வீட்டானின் மூச்சைக் கைவிடும் வாதத்தை இப்னு ரிள்வான் கேட்டிருந்தால், மருத்துவன் நோயாளியின் ஓர் உறுப்பை மட்டும் பார்க்கிறான் என்றே எண்ணியிருப்பார் என்பது என் கருத்து.

நெம்மேலிக்குத் திரும்புவோம். கடல்நீரை நுண்சவ்வின் வழியே அழுத்திக் குடிநீராக்க, ஆயிரம் லிட்டருக்குப் பொதுவாக மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் தேவை. 25 கோடி லிட்டர் என்றால் நாள்தோறும் ஏழரை இலட்சம் முதல் பத்து இலட்சம் யூனிட். நிலக்கரியில் பிறந்த ஒரு யூனிட் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவைச் சுமந்து வரும். தமிழகத்தில் காற்றாலை மின்சாரமும் உண்டு. கம்பியில் இரண்டும் கலந்தபின் எது எங்கே பிறந்தது எனப் பிரிக்க இயலாது. ஆயினும் நிலக்கரியின் பங்கு சிறிதன்று. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எண்ணூரார், இந்தக் கம்பியின் வழியே, தென்சென்னையில் தூய நீர் பருகுவோரின் அண்டை வீட்டாராகிவிட்டனர். புகை செல்லும் வழியை அன்று காஜியார் கண்ணாற் கண்டார்; இன்று மின்கட்டணச் சீட்டிலும் அது தெரிவதில்லை.

வேறு வழி அறவே இல்லாமற் போகவில்லை. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், கழிவுநீரைத் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவில் ஒவ்வொன்றும், இயங்கத் தொடங்கின. உப்பு குறைவாதலின் அந்நீருக்குக் கடல்நீரைக் காட்டிலும் மிகக் குறைந்த மின்சாரமே போதும். கொடுங்கையூரின் நீர் மணலி, எண்ணூர்ப் பகுதித் தொழிற்சாலைகளுக்கே செல்கிறது.