இன் அட் தி டீப் எண்ட்: ரோல் டீப் குழுவின் முதல் ஆல்பம்

கிழக்கு லண்டனைச் சேர்ந்த ரோல் டீப் என்ற கிரைம் இசைக்குழு 2005 ஜூன் மாதம் வெளியிட்ட முதல் ஆல்பம் ‘இன் அட் தி டீப் எண்ட்’. ரிலென்ட்லெஸ் நிறுவனம் இதை வெளியிட்டது. இதிலிருந்து தனியாக வந்த ‘தி அவென்யூ’ பிரிட்டிஷ் சிங்கிள் தரவரிசையில் 11ஆம் இடத்தையும், ‘ஷேக் எ லெக்’ 24ஆம் இடத்தையும் தொட்டன. ஆல்பம் மட்டும் முதல் நாற்பதுக்குள் நுழையவில்லை. ஆனாலும் கிரைமின் முதல் தலைமுறையைப் பற்றி யார் எழுதினாலும் இந்த ஆல்பத்தைத் தாண்டிப் போக முடிவதில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மணிக்கணக்கில் வானொலியில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு கலை, மூன்று நான்கு நிமிடப் பாட்டுக்குள் அடங்குமா என்ற கேள்விக்கு இது ஒரு பதிலைச் சொன்னது. அந்தப் பதில் பாதி சரி, பாதி தவறு.

தமிழ் எழுத்தில் ஒரு குழப்பம் வரும். ராஜேஷ்குமார் நாவல்களின் கிரைமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே முதல் எழுத்தை ‘கங்கை’யின் கடைசி எழுத்துபோல மென்மையாக ஒலிக்க வேண்டும்; பொருள், ஒட்டிக்கொண்ட அழுக்கு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 தட்டுகள் ஓடும் வேகம், காலியிடம் நிறைய விட்ட மின்னணுத் தாளம், நெஞ்சை அதிரவைக்கும் பேஸ், அதன்மேல் அனல் பறக்க ராப் பேசும் எம்சிக்கள். லண்டனின் கராஜ், ஜங்கிள் இசைவகைகளும் கரீபியக் குடியேறிகள் கொண்டுவந்த ஜமைக்கா சவுண்ட் சிஸ்டம் மரபும் கலந்து, 2000களின் தொடக்கத்தில் போ, பாப்லர், லைம்ஹவுஸ் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உருவானது இது. அந்த மாடிகளில் நின்று பார்த்தால் கேனரி வார்ஃப் வங்கிக் கோபுரங்கள் பக்கத்திலேயே தெரியும். பணம் அத்தனை அருகில் இருந்தது. ஆனால் எட்டாத தூரத்தில் இருந்தது.

குழுவின் மையப்புள்ளி வைலி. 1979இல் பிறந்த ரிச்சர்ட் கௌவியின் மேடைப்பெயர் அது. அவர் முதலில் பே அஸ் யூ கோ கார்ட்டெல் என்ற குழுவில் இருந்தார். அந்தக் குழுவின் ‘ஷாம்பெயின் டான்ஸ்’ 2002இல் 13ஆம் இடம்வரை போனது. பிறகு குழு கலைந்தது. அது கலையும் தறுவாயிலேயே வைலி தன் பேட்டை நண்பர்களைக் கூட்டி ரோல் டீப்பைத் தொடங்கிவிட்டார். டிஜே டார்கெட், இசையமைப்பாளர் டேனி வீட், எம்சிக்களாக ஃப்ளோடான், பிரீஸ், ஸ்கிராச்சி, பிரேசன், டிரிம், ரிக்கோ டான், மாங்கா, ஜெட் லி, ரோச்சி, ஜமகாபி என்று பட்டியல் நீளும். யார் உள்ளே, யார் வெளியே என்பது மாதத்துக்கு மாதம் மாறியது. டிசி ராஸ்கல், டிஞ்சி ஸ்ட்ரைடர் இருவரும் ஒரு காலத்தில் இதற்குள் இருந்தவர்கள்தாம்.

வைலி அப்போது செய்துகொண்டிருந்த தாளங்களுக்கு ‘எஸ்கிமோ’, ‘இக்ளூ’, ‘ஐஸ் ரிங்க்’ என்று பெயர்கள். பெயருக்கேற்ற குளிர்ச்சி அவற்றில் இருந்தது. கோர்க் டிரைட்டன் கீபோர்டின் வெற்று மின்னொலிகளை அடுக்கி, மனிதவாடையே இல்லாத ஓர் ஓசையை உண்டாக்கினார். லேபிள் அச்சிடாத வெள்ளை இசைத்தட்டுகளாக அவற்றை அடித்து, காரில் ஏற்றிக்கொண்டு கடைகடையாய்ப் போய் விற்றார். ரோமன் ரோட்டில் இருந்த ரிதம் டிவிஷன் கடை இந்தத் தட்டுகளுக்குப் பேர்போனது. டேனி வீட்டின் ‘கிரீப்பர்’ என்ற தாளமும் இப்படித்தான் ஊரெல்லாம் பரவியது. எந்த எம்சி வேண்டுமானாலும் அதன்மேல் ஏறிப் பேசலாம்.

பேச இடம் கொடுத்தது வானொலி. 1994இல் தொடங்கிய ரின்ஸ் எஃப்எம் உரிமம் இல்லாத நிலையம். மொட்டைமாடிகளில் ஆண்டெனாவை ஒளித்து வைப்பார்கள். அதிகாரிகள் வந்து பிடுங்கிப் போவார்கள். இன்னொரு மாடியில் இன்னொன்று முளைக்கும். நிலையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டிஜே ஸ்லிம்சீ 2005இல் வாங்கிய நீதிமன்றத் தடை உத்தரவு விசித்திரமானது: நான்கு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் கூரைக்கு அவர் ஏறக்கூடாது. (அதே நிலையம் 2010இல் முறையான உரிமம் வாங்கிக்கொண்டது.)

ரின்ஸில் ரோல் டீப் வரும் நேரங்களில் நடந்ததைப் பாட்டு என்று சொல்வது கடினம். டிஜே ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குத் தாவிக்கொண்டே இருப்பார். மைக் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒருவருக்கு எட்டு பார், அல்லது பதினாறு பார் (நான்கு தாளத்தட்டுகள் கொண்டது ஒரு பார்). முடிக்கும் முன்பே அடுத்தவர் நுழைந்துவிடுவார். 140 வேகத்தில் பதினாறு பார் என்பது சுமார் 27 விநாடி. அதற்குள் தான் யார் என்று காட்டியாக வேண்டும். ஒருவர் அசத்தினால் டிஜே தட்டைப் பின்னால் இழுத்து மறுபடி முதலிலிருந்து விடுவார்; ‘ரீலோட்’ எனப்படும் அந்த மரியாதைதான் இந்தக் கலையின் கைதட்டல். தொடக்கம் இல்லை, முடிவு இல்லை, பல்லவி இல்லை. அடித்தொண்டையில் உறுமும் ஃப்ளோடான், வழுக்கிக்கொண்டு ஓடும் டிரிம், ஜமைக்கா வழக்கில் மிரட்டும் ரிக்கோ டான், நினைத்த இடத்தில் திசை மாற்றும் வைலி என்று குரல்கள் ஒன்றோடொன்று மோதுவதுதான் சுவை.

இதை எப்படித் தட்டில் விற்பது? கணக்குப் போட்டால் சிக்கல் புரியும். நான்கு நிமிடப் பாட்டைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 24 விநாடி. பல்லவிக்கும் இடம் விட்டால் அதுவும் கிடையாது. இந்தக் கணக்கையே பாட்டாக்கி வென்ற முன்னோடி உண்டு. தென் லண்டனின் சோ சாலிட் க்ரூ 2001இல் ‘21 செகண்ட்ஸ்’ என்ற பாட்டை வெளியிட்டது. ஆளுக்கு 21 விநாடி என்பதுதான் அதன் விதி, அதுவே தலைப்பு. தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அதை வெளியிட்ட நிறுவனமும் ரிலென்ட்லெஸ்தான். அதன் நிறுவனர் ஷாப்ஸ் ஜோபன்புத்ரா அதற்கு முன்பு அவுட்காஸ்ட் என்ற நிறுவனத்தின் மூலம் நிதின் சாஹ்னி போன்ற பிரிட்டிஷ் ஆசியக் கலைஞர்களை வெளிக்கொணர்ந்தவர். கூட்டமாக வரும் பையன்களைக் கண்டு மிரளாத நிறுவனம் அது. அதே சமயம், ஜாஸ் ஸ்டோன், கேடி டன்ஸ்டல் ஆகியோரின் தட்டுகளை லட்சக்கணக்கில் விற்றுப் பழகிய நிறுவனமும் அதுதான்.

நேரமும் கூடிவந்தது. டிசி ராஸ்கலின் ‘பாய் இன் டா கார்னர்’ 2003இல், ஆண்டின் சிறந்த பிரிட்டிஷ் ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசு பெற்றது. அதே ஆண்டு சைப்ரஸின் அயியா நாப்பாவில் அவர் கத்திக்குத்துக்கு ஆளான பிறகு, அவருக்கும் வைலிக்கும் இருந்த உறவு முறிந்தது. வைலியின் ‘டிரெடின் ஆன் தின் ஐஸ்’ 2004இல் எக்ஸ்எல் நிறுவனத்தில் வந்தது. 2005இல் ‘ரன் தி ரோடு’ என்ற கிரைம் தொகுப்பு வந்தது. கிரைம் எம்சி கேனோவின் ‘ஹோம் ஸ்வீட் ஹோம்’ ரோல் டீப் ஆல்பம் வெளியான அதே ஜூனில் கடைக்கு வந்தது. டிசியும் வைலியும் இருந்த எக்ஸ்எல்லிலிருந்து அதே ஆண்டில்தான் லண்டன் ஈழத்தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் ‘அருளர்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அது கிரைம் அல்ல. ஆனால் லண்டனின் புறக்கணிக்கப்பட்ட வீதிகளிலிருந்து வரும் ஒலிக்கு நிறுவனங்கள் காசு போடத் தயாராக இருந்த காலம் அது என்பதற்குச் சாட்சி.

ரோல் டீப் ஆல்பத்தின் உச்சம் ‘வென் ஐம் இயர்’. டேனி வீட் அமைத்த பாட்டு. தலைப்பில் உள்ள சொற்றொடரே ஒவ்வொருவருக்கும் தொடக்க அடி. ‘நான் வந்தால்’ என்று ஆரம்பித்து, தான் வந்தால் என்ன ஆகும் என்பதை ஆளாளுக்கு அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இங்கே பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையிலான வேலியே இல்லை; திரும்பத் திரும்ப வரும் அந்தச் சிறு தொடரே பல்லவியின் வேலையைச் செய்துவிடுகிறது. ஒவ்வொரு குரலும் தனியாகத் தெரிகிறது, ஆனால் பாட்டு சிதறவில்லை. வானொலியின் கூட்டத்தைத் தட்டுக்குள் கொண்டுவரும் வழி இதுதான் என்று எளிதாகக் காட்டிவிட்டார்கள். கிரைம் பாடல்களில் எது சிறந்தது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இன்றும் இது முன்வரிசையில் வருகிறது.

‘தி அவென்யூ’ எதிர்த் திசையில் போகிறது. பர்மிங்ஹாமைச் சேர்ந்த தி மெய்சனெட்ஸ் என்ற குழு 1982இல் வெளியிட்ட ‘ஹார்ட்ஏக் அவென்யூ’ என்ற பாப் பாட்டு அப்போது 7ஆம் இடம்வரை வந்திருந்தது. அதன் பல்லவியை அப்படியே வெட்டியெடுத்து நடுவில் வைத்து, சுற்றிலும் எம்சிக்களை நிறுத்தினார்கள். இந்தப் பல்லவியை மாவு பிசையும் அம்மாக்களும் முணுமுணுக்கலாம். பகல்நேர வானொலிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கோடைக்காலப் பாட்டாக அது நாடெங்கும் ஒலித்தது. குறைசொல்ல முடியாதபடி இனிமையான பாட்டு. ஆனால் அதில் எம்சிக்கள் விருந்தாளிகள்போல வந்து போகிறார்கள். யார் பேசுகிறார் என்பதைக் கவனிக்காமலே பாட்டை ரசித்துவிடலாம். ரோல் டீப்பைப் பொறுத்தவரை அது பெரிய இழப்பு. ‘ஷேக் எ லெக்’ அதே வழியில் இன்னொரு எட்டு போகிறது. ஆட்டத்துக்கான பாட்டு, அவ்வளவுதான்.

குழு ஆல்பம் என்றால் சமரசம் தவிர வழியில்லை என்று சொல்வோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ‘தி அவென்யூ’வுக்குச் சில மாதங்கள் முன்பு, 2004 கடைசியில், இதே ரிலென்ட்லெஸ் நிறுவனம் கிரைம் எம்சி லெதல் பிசிலின் ‘பவ்’ என்ற பாட்டை வெளியிட்டது. அதுவும் பத்துக்கு மேற்பட்ட எம்சிக்கள் வரிசையாக வந்து முழங்கும் பாட்டு. ரோல் டீப்பின் ஃப்ளோடானும் ஜமகாபியும் அதில் உண்டு. இனிமையான பல்லவி மருந்துக்கும் கிடையாது. கூட்டம் கட்டுமீறிக் குதித்ததால் பல கிளப்புகளில் அதைப் போடவே தடை இருந்தது. அந்தப் பாட்டு பிடித்த இடமும் 11தான். ஒரே நிறுவனம், ஒரே இடம், நேரெதிரான இரண்டு வழிகள்.

அப்படியானால் ஏன் ‘தி அவென்யூ’ வழி? ரசனை மட்டும் காரணமல்ல. கிரைமின் சொந்த மேடைகள் சுருங்கிக்கொண்டிருந்தன. லண்டன் பெருநகரக் காவல்துறை 2005இல் ‘படிவம் 696’ஐக் கொண்டுவந்தது. இசை நிகழ்ச்சி நடத்துவோர் கலைஞர்களின் பெயர், முகவரி முதல் விவரங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே நிரப்பித் தரவேண்டும். என்ன வகை இசை, எந்த இனத்தவர் கேட்க வருவார்கள் என்றுகூடத் தொடக்கத்தில் கேட்டது அந்தப் படிவம். கிரைம் நிகழ்ச்சி என்றாலே அரங்கக்காரர்கள் கதவடைத்தார்கள். எதிர்ப்புகளுக்குப் பிறகு 2017இல்தான் அது கைவிடப்பட்டது. சொந்த ஊரில் மேடை இல்லாத குழுவுக்கு மிஞ்சியவை திருட்டு வானொலி, 2003இல் தொடங்கிய சேனல் யூ என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சி, பிறகு பகல்நேர பாப் வானொலி. முதல் இரண்டிலும் புகழ் கிடைத்தது, காசு கிடைக்கவில்லை. ஒரு டஜன் பேர் பிழைக்க வேண்டிய குழுவை இந்தக் கணக்கை விட்டுவிட்டு எடைபோடுவது நியாயமாகாது.

ஆல்பத்தை முழுதாகக் கேட்டால் இந்த இழுபறி பாட்டுக்குப் பாட்டு தெரியும். ‘ஹீட் அப்’, ‘போல்டர்கைஸ்ட்’ போன்றவை ரின்ஸ் நேயர்களுக்கானவை. வேறு சில, கிரைமே கேட்காதவர்களை வா வா என்று அழைப்பவை. இரண்டு ஆல்பங்களைக் கலைத்துப் போட்டதுபோல இருக்கிறது என்ற குறை அப்போதே எழுந்தது. குறை சரிதான்.

அடுத்த ஆல்பமான ‘ரூல்ஸ் அண்ட் ரெகுலேஷன்ஸ்’ 2007இல் குழுவின் சொந்த லேபிளில் வந்தது. பெரிய நிறுவனம் இல்லை, பாப் பல்லவிகளும் குறைவு. பிறகு குழு மறுபடி திசை திரும்பியது. 2010இல் ‘குட் டைம்ஸ்’, ‘கிரீன் லைட்’ ஆகிய இரண்டு சிங்கிள்களும் பிரிட்டனில் முதலிடம் பிடித்தன. ‘குட் டைம்ஸ்’ பல்லவியைப் பாடியவர் ஜோடி கானர்; எம்சிக்கள் இடையிடையே வருவார்கள். ‘தி அவென்யூ’வில் சோதித்துப் பார்த்த சூத்திரத்தில் இப்போது தாளம் மட்டும் நடனக்கூட இசையாக மாறியிருந்தது. கிரைம் என்று சொல்ல அதில் மிச்சம் எதுவும் இல்லை.

உறுப்பினர்கள் பல திசைகளில் போனார்கள். டார்கெட் பிபிசியின் 1எக்ஸ்ட்ரா வானொலியில் டிஜே ஆனார். போ பகுதிப் பையன்களின் கதையை ‘கிரைம் கிட்ஸ்’ என்ற நூலாக 2018இல் எழுதினார். வைலி 2018இல் பிரிட்டிஷ் அரசின் எம்பிஇ விருது பெற்றார். 2020இல் யூதர்களுக்கு எதிராக அவர் எழுதிய பதிவுகள் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயின, 2024இல் விருது பறிக்கப்பட்டது. அதே 2024இல் ஃப்ளோடான், மின்னணு இசைக் கலைஞர்களான ஸ்கிரில்லெக்ஸ், ஃப்ரெட் அகெய்ன் ஆகியோருடன் சேர்ந்து செய்த ‘ரம்பிள்’ பாட்டுக்காக கிராமி விருது பெற்றார். அந்தப் பாட்டிலும் பாடப்படும் பல்லவி கிடையாது. அடித்தொண்டையில் உறுமும் அவர் குரல்தான் பாட்டை முன்னெடுத்துச் செல்கிறது.